முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம்

ஜோயல்,

உன் தாத்தா யாருக்குக் கடிதம் எழுதினாலும் முதலில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பிறகு ஆள் ஆளாக நலம் விசாரிப்பு, இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் விஷயம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய். நான் மழுப்பினேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மருமகள் ஷெரினுக்கு மலையாளம்தான் வாசிக்கத் தெரியும், அதனால் உதவிக்கும் ஆள் இல்லை. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ பதிலோடு வந்து நிற்கிறாய். இதில் நீ என் வேகத்துக்குத்தான் வந்தாக வேண்டும். நம் சபையில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் நிறையப் பேர் உண்டு. சபைப் பத்திரிகையில் போடக் கேட்டால் கொடுக்கலாம் என்றும் நினைத்திருக்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

புதுச் சைக்கிளின் படத்தை அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே நீ கூப்பிட்டுவிட்டாய். "எம்மா, முன்னாடி ஒரே ஒரு ரிங்தான் இருக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டானா?" என்றாய்.

"இல்ல மக்கா. நான்தான் அப்பிடி வேணும்னு கேட்டு வாங்குனேன்."

"அரே, ரோட் பைக்ல யாரும்மா சிங்கிள் போடுவா? அதெல்லாம் காட்டுல மேட்டுல ஓட்டுற வண்டிக்கு."

அப்புறம் நீ நிறுத்தவே இல்லை. பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பல்சக்கரம் ரோட் பைக்கில் வழக்கமாக இரண்டு இருக்கும். சமதளத்தில் வேகமாகப் போகப் பெரியது, ஏற்றத்துக்குச் சின்னது. அவற்றை மாற்றுவது இடது கை லிவர். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருக்கும் பற்களை மாற்றுவது வலது கை லிவர். என் புது வண்டியில் முன்னால் ஒன்றுதான். இடது கைக்கு பிரேக்கைத் தவிர வேறு வேலையே இல்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு மாதிரி அகலமான பற்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் இடைவெளி பெரிதாகிவிடும் என்றாய். இறக்கத்தில் கால் சும்மா சுற்றும் என்றாய். செயின் கோணலாக ஓடிச் சீக்கிரம் தேயும் என்றாய். நீ சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. நான் 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் உன் குரல் கொஞ்சம் இறங்கியது. "எதுக்கும்மா இதெல்லாம்? இங்க கனடாவுல எங்ககூடயே இருந்திருக்கலாம்லா" என்றாய். நீ கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. "சரி, குக்கர் விசில் அடிக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை.

நான் சைக்கிளில் ஏறிய கதையில் உனக்குத் தெரிந்தது பாதி. உன் அப்பாவுக்கு டிராம்பே பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை. நம் வீட்டில் பகலில் எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். சத்தம் வராமல் பாத்திரம் கழுவியே எனக்குக் கை பழகிவிட்டது. அப்பா தவறிப் போனார். பிறகு நீ கனடா போனாய். ஒரு நாள் மதியம் தட்டைக் கழுவி, சத்தம் வராமல் ஸ்டாண்டில் சொருகும்போதுதான் உறைத்தது, வீட்டில் தூங்குவதற்கு யாருமில்லை என்று. வேண்டுமென்றே ஒரு டம்ளரைத் தரையில் போட்டேன். அது உருண்டு போய் ஹாலில் நீ விட்டுப்போன சைக்கிளின் சக்கரத்தில் முட்டி நின்றது. அதை விற்றுவிடச் சொல்லி நீ பல தடவை சொல்லியிருந்தாய். நான் அன்று சாயங்காலம் அதை லிஃப்ட்டில் நிமிர்த்தி நிறுத்திக் கீழே கொண்டுபோனேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் சின்னப் பெண்ணாக வாடகைச் சைக்கிள் ஓட்டியவள்தானே. கால் மறக்கவில்லை. காம்பவுண்டுக்குள் இரண்டு சுற்று வந்ததும் வாட்ச்மேன் எழுந்து நின்று கை தட்டினார். உனக்குப் போன் செய்தேன். "இடது கை முன்னாடி, வலது கை பின்னாடி, அவ்வளவுதாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாய். அந்தச் சிரிப்புக்காகவே மறந்துபோனது போல மறு வாரமும் கேட்டேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூர் சைக்கிள் குழுவோடு போக ஆரம்பித்தேன். மான்குர்த் தாண்டி, வாஷி பாலத்தில் கழிமுகத்தைக் கடந்து, பாம் பீச் ரோடு வழியாக பேலாப்பூர் வரை. எல்லாரும் நல்ல பிள்ளைகள். பாலம் வரைக்கும் எனக்காக மெதுவாக வருவார்கள். பாலம் தாண்டியதும் அவர்கள் கால் அவர்கள் பேச்சைக் கேட்காது. "ஆண்டி, ஆப் ஆராம் ஸே ஆவோ" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடுவார்கள். நிதானமாக வாங்க என்று அர்த்தம். அப்புறம் அந்த நீளமான ரோட்டில் நான் மட்டும்தான். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் தனியாக இருப்பது வேறு, ரோட்டில் தனியாகப் போவது வேறு. ரோட்டில் போகும்போது எங்கேயோ போய்ச் சேரப்போகிறோம் என்றாவது இருக்கிறது.

இந்த இடத்தில் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ மாட்டுங்காவில் காலேஜ் சேர்ந்த வருஷம், இனிமேல் பஸ் வேண்டாம், சைக்கிளில்தான் போவேன் என்று அடம் பிடித்தாய். சயன் பக்கம் லாரிகள் எப்படி வருகின்றன என்று தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற எனக்குத் தெரியாதா? அடிபட்டு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை எனக்கு. நான் முடியாது என்றேன். அப்பா, "அவம் போட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். முதல் நாள் நீ கிளம்பியதும் நானும் கிளம்பி, உனக்குப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு வந்தேன். சயன் சர்க்கிளில் சிக்னல் விழுந்தது. பஸ் உன் பக்கத்தில் வந்து நின்றது. நீ ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தாய். வீட்டில் நீ அப்படிப் பாடி நான் கேட்டதே இல்லை. பச்சை விழுந்ததும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் புகுந்து போய்விட்டாய். நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். மறுநாளிலிருந்து பின்னால் வரவில்லை. பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. பயத்தை என்னிடமே வைத்துக்கொண்டு உன்னைப் போகவிட்டேன்.

விழுந்த நாளைப் பற்றி நீ டாக்டர் சொல்லித்தான் கேட்டாய். நான் சொல்லிக் கேட்கவில்லை. பேலாப்பூரில் பார்சிக் மலை மேலே வீடுகளுக்கு நடுவே ஏறும் ரோடு உனக்குத் தெரியும். அன்று தனியாகத்தான் அதில் ஏறினேன். பெரிய பல்சக்கரத்திலேயே வந்து, கால் திணறிய பிறகுதான் சின்னதுக்கு மாற்ற நினைத்தேன். மிதிக்கிற வேகத்தில் இடது லிவரைத் தட்டியதும் செயின் சின்னப் பல்லையும் தாண்டி உள்ளே விழுந்துவிட்டது. கால் சட்டென்று வெறுமையில் சுற்றியது. வண்டி நின்றது. இடது பக்கம் சாய்ந்து, இடது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எலும்பு போய்விட்டது என்று. வாக்கிங் வந்த இரண்டு பேர் ஓடிவந்து என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். ஒருவர் தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆண்டி, கர் மே கோன் ஹை? கிஸ்கோ போன் கரூம்?" என்று கேட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிடட்டும் என்கிறார்.

"பேட்டா கனடா மே ஹை" என்றேன், மகன் கனடாவில் என்று.

"இதர்? இதர் கோன் ஹை?"

இங்கே யார் என்ற அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறக்கவில்லை. வலியில் பேச முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். வலி இருந்தது. ஆனால் பேச முடியாதது அதனால் இல்லை. என் போனில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பாடகர் குழுவில் கூடப் பாடுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவர்கள், மூன்றாவது மாடி ஷிண்டே வீட்டம்மா. கூப்பிட்டிருந்தால் யாரும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஒருத்தி ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள், ஒருத்தி பேரனுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். யாரை எதிலிருந்து பிடுங்குவது? உரிமையோடு தொந்தரவு செய்ய ஓர் ஆள் வேண்டும் ஜோயல். அன்பானவர்கள் நிறையப் பேர் இருக்கலாம், தொந்தரவு செய்ய ஓர் ஆள் கூட இல்லாமல் போகலாம். அதை அன்று அந்த ரோட்டோரத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஆட்டோக்காரர் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருந்துதான் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஏதோ விருந்தில் இருந்தாய். பின்னால் பாட்டுச் சத்தம். "எம்மா?" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாய். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அந்த வாரமே நீ வந்து நின்றாய். அதை நான் மறக்கமாட்டேன். எனக்குத் தலை வாரிவிட்டாய். சடை பின்னத் தெரியாமல் ரப்பர் பேண்டை மாட்டி, வாழைப்பூ மாதிரி ஒரு கொண்டை போட்டாய். ஆஸ்பத்திரி நர்ஸ் சிரித்தாள், நீயும் சிரித்தாய், உன் கண் மட்டும் சிரிக்கவில்லை. கட்டுப் பிரித்ததும் குளிர் முடியும் வரையாவது உன்னோடு வந்து இருக்கச் சொன்னாய். வந்தேன்.

உன் வீட்டில் எனக்கு என்ன குறை என்று யாராவது கேட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. ஷெரின் தங்கமான பெண். நான் கத்தி எடுக்கக் கூடாது என்று காய்கறிகளை நறுக்கி டப்பா டப்பாவாக அடுக்கி வைத்துவிட்டுப் போவாள். காலையில் நீங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு போனால், சாயங்காலம் நீங்களே திறக்கும் வரைக்கும் அந்தக் கதவுக்கு வேலை கிடையாது. பால்காரன் இல்லை, குப்பை எடுக்க வருகிறவள் இல்லை, தப்பாக மணியடித்துவிட்டு ஸாரி சொல்லிப் போகிற கூரியர் பையன்கூட இல்லை. ஹீட்டர் உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். எதிர் வீட்டுக்காரர் பனியைத் தள்ளும்போது ஜன்னலில் என்னைப் பார்த்துக் கை தூக்குவார். நானும் தூக்குவேன். பல நாள் என் பகல் பேச்சு அவ்வளவுதான். செம்பூரிலும் தனியாகத்தான் இருந்தேன். ஆனால் அங்கே தெரு எனக்குத் துணையாக இருந்ததை உன் வீட்டு ஜன்னலில் நின்றபோதுதான் கவனித்தேன்.

அடித்தளத்து அறையில் உன் சைக்கிளைச் சுவரைப் பார்த்து ஒரு ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தாய். ஓட்டலாம், எங்கேயும் போகாது. நீங்கள் வேலைக்குப் போனதும் நான் அங்கேதான் இறங்குவேன். ஒரு நாள் இடது லிவரைத் தட்டிச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கினேன். திரும்பப் பெரியதுக்கு ஏற்ற முடியவில்லை. இறக்குவதற்குச் சும்மா தட்டினால் போதும், ஏற்றுவதற்கு லிவரை உள்பக்கமாக நன்றாகத் தள்ள வேண்டும். இரண்டு விரல்களும் லிவரின் மேல்தான் இருந்தன. தள்ளு என்றேன். யாரிடமோ சொல்வது போல அவை பேசாமல் இருந்தன. மணிக்கட்டையும் அந்தப் பக்கம் திருப்ப முடியவில்லை. எலும்பு கூடிவிட்டது, நரம்புக்குப் பலம் இவ்வளவுதான் திரும்பும் என்று அங்கேயும் இங்கேயும் இரண்டு டாக்டர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். உனக்கும் தெரியும். ஆனால் 'இவ்வளவுதான்' என்றால் எவ்வளவு என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. நான் அப்படியே சின்னதிலேயே ஓட்டினேன். சில நாள் கழித்து நீ கீழே வந்தாய்.

"எம்மா, ஏன் சின்னதுலயே போட்டு ஓட்டுத? பெருசுக்கு மாத்து."

"இதே போதும் மக்கா."

நீ எட்டி, ஒற்றை விரலால் தள்ளி மாற்றிவிட்டு, ஆபீஸ் கால் வருகிறது என்று மேலே ஓடிவிட்டாய். எனக்குக் கியர் போடத் தெரியவில்லை என்று நினைத்திருப்பாய். நான் அந்தப் பெரியதிலேயே ஓட்டிப் பார்த்தேன். வலது கையால் பின்னால் மட்டும் மாற்றினேன். கனமாக இருந்தது, ஆனால் ஓடியது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பல்சக்கரம் உள்ள உன் வண்டியை ஒரு பல்சக்கர வண்டியாகத்தான் ஓட்டினேன். முன்னால் இன்னும் கொஞ்சம் சின்னதாக ஒன்று, பின்னால் இன்னும் அகலமான பற்கள் இருந்தால் மலையே ஏறலாம் என்று அந்தச் சுவரைப் பார்த்தபடியே எனக்குத் தோன்றியது. அதற்கு முன்பு பல மாதமாக எனக்கு எதுவுமே தோன்றியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், கடைக்காரன் என்னை ஏமாற்றவில்லை.

போகிறேன் என்று நான் சொன்ன அன்று நீ சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாய். ஷெரின் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

"அங்க ஒனக்கு யாரும்மா இருக்கா?"

"யாரும் இல்ல. வீடு இருக்கு."

"வீடு பேசுமா? மறுபடி விழுந்தா வீடு வந்து தூக்குமா?"

"தூக்காது மக்கா."

"அப்ப நான் என்ன செய்யணும்? சொல்லு. நான் இன்னும் என்ன செய்யணும்?"

நீ எதுவும் செய்யாமல் விட்டதால் நான் போகவில்லை என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வரவில்லை. ஏர்போர்ட்டில் என் பெட்டியின் பட்டையை இழுத்து இழுத்துச் சரி பார்த்துக்கொண்டே இருந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. விமானத்தில் ஏறியதும் இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் தெரிந்துகொள்.

திரும்பி வந்து எல்லாம் நன்றாக ஆகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். ரிட்டயர் ஆன பிறகு செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அரை நாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா? அங்கே போனேன். ஊசி குத்துவது வலது கைதான். ஆனால் நரம்பை நகராமல் அழுத்திப் பிடிப்பது இடது கை விரல்கள். வயதான ஒரு அம்மாவுக்குத் தேடித் தேடிக் குத்தினேன். "ஹோத்தா ஹை பேட்டி" என்று அவரே என்னைத் தேற்றினார். பரவாயில்லை மகளே என்கிறார். அவருக்கு வலித்தது எனக்குத் தெரிந்தது. அன்றோடு நானே நின்றுவிட்டேன். அப்புறம் திங்களுக்கும் வியாழனுக்கும் வித்தியாசம் இல்லாத நாட்கள். ஜெப வீட்டுக்குப் போவேன், காய் வாங்குவேன், ஜன்னலில் நிற்பேன். ஒரு நாள் காய் வாங்கப் போனவள் பஸ் ஏறி மாட்டுங்காவில் சைக்கிள் கடைக்குப் போய்விட்டேன்.

கடையில் இருந்த பையன், ரோட் பைக்கில் முன்னால் இரண்டுதான் வரும் என்று நீ சொன்னதையே சொன்னான். ஒரு வண்டியில் என்னை உட்கார வைத்து, ரொம்ப லேசாக இருக்கும், தள்ளிப் பாருங்கள் என்றான். தள்ளினேன். லிவர் அசையவில்லை. பக்கத்தில் மகளுக்குச் சைக்கிள் வாங்க வந்தவர் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. அந்தப் பையன் என் கையைப் பார்த்தான். ஆபரேஷன் தழும்பைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. "டீக் ஹை, ஏக் ஹீ லகா தேதே ஹைம்" என்றான். சரி, ஒன்றே மாட்டிவிடலாம் என்று. சாமான்களை வரவழைக்கச் சில வாரம் ஆகும் என்றான். மாட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்டான். இரண்டு இருந்தால் இரண்டும் கிடைக்கும், ஒன்று என்றால் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், வேகத்துக்குப் பெரியதா, ஏற்றத்துக்குச் சின்னதா? நான் யோசிக்கவே இல்லை. ஏற்றத்துக்கு என்றேன். சமதளத்தில் என்னை யாரும் துரத்தவில்லை. பட்டனைத் தொட்டால் மாறுகிற எலக்ட்ரானிக் கியரைப் பற்றி நீ சொன்னதை அவனும் சொன்னான். நல்லதுதான். ஆனால் சார்ஜ் போட்டாயா, மாத்திரை போட்டாயா என்று ஏற்கெனவே எனக்கு நானே கேட்டுக்கொள்வது நிறைய இருக்கிறது. இன்னொன்று வேண்டாம். இன்னொன்றையும் கேட்பாய் என்று தெரியும். இடது பிரேக் டிஸ்க் பிரேக். லேசாக இழுத்தால் பிடித்துக்கொள்கிறது. அதைச் சோதித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

நீ சொன்ன குறைகளெல்லாம் அப்படியே இருக்கின்றன. பாம் பீச் ரோட்டில் எதிர்காற்று அடிக்கும்போது ஒரு கியர் கனமாக இருக்கிறது, அடுத்ததைப் போட்டால் கால் தறிகெட்டுச் சுற்றுகிறது. எனக்கு வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. என் வண்டியில் அது இல்லை. குழுவோடு போவதையும் விட்டுவிட்டேன். அவர்களுக்கு நான் பாரம், எனக்கு அவர்கள் அவசரம். வலது கையால் தட்டினால் மாறுகிறது, செயின் விழவில்லை, என் வேகத்துக்குப் போகிறேன். இரண்டாவது வாரம் வாஷி பாலத்தில் கழிமுகம் முழுக்க நாரைகள் இறங்கியிருந்தன. நின்று பார்த்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஒருவருமில்லை. பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

உனக்கு நான் புத்தி சொல்லிப் பழக்கமில்லை. அப்பாதான் சொல்வார், அதுவும் ஒரு வரியில். ஆனாலும் இதைச் சொல்கிறேன். பயத்தை அன்பு என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டும் ஒன்றாகத்தான் வரும், பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் உனக்கே தெரியும். ஷெரின் எதையாவது 'இதே போதும்' என்று சொன்னால், உடனே எட்டிச் சரி செய்துவிட்டு மாடி ஏறிவிடாதே. கொஞ்சம் நின்று, ஏன் போதும் என்று கேள். அன்று கீழே நீ இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இது குறை இல்லை மக்கா, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கோடையில் வருகிறேன். பிள்ளை பிறந்தால் குளிரிலும் வருகிறேன். ஆனால் திரும்பி வருவதற்கு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வருவேன்.

மறுபடி விழமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. விழலாம். மூன்றாவது மாடி ஷிண்டே வீட்டம்மாவிடம் போன வாரம் கதவைத் தட்டிச் சொன்னேன், எனக்கு ஏதாவது ஆனால் உங்கள் நம்பரைத்தான் கொடுப்பேன், தொந்தரவு என்று நினைக்கக் கூடாது என்று. "அதுக்கு இவ்வளவு நாளா?" என்று மராத்தியில் திட்டி, அவல் பொஹா கொடுத்து அனுப்பினாள். நான் கிளம்பும்போது இனிமேல் போனில் இருக்கும் இடத்தை உனக்கும் தெரியும்படி அனுப்பிவிடுகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் உனக்குச் சனிக்கிழமை சாயங்காலம். வேண்டுமானால் அந்தப் புள்ளி பாலத்தைக் கடப்பதைப் பார். நடுவில் நின்றுவிட்டால் உடனே பதறாதே. மூச்சு வாங்குகிறேன் என்று வைத்துக்கொள்.

நேற்று பார்சிக் மலையில் ஏறினேன். விழுந்த பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. விழுந்த இடம் வந்ததும் உடம்பு தானாக விறைத்தது. பின்னால் கடைசிப் பெரிய பல்லில் போட்டுவிட்டேன். நடக்கிறவர்களே என்னைத் தாண்டிப் போகும் வேகம். ஆனால் கால் நிற்கவில்லை. மேலே போய் ரோட்டோரக் கட்டையில் வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். கீழே பேலாப்பூர், அதற்கு அந்தப் பக்கம் கழிமுகம், புகைமூட்டம். செம்பூர் தெரியவில்லை. என் வயதுதான் இருக்கும், சல்வாரும் வெள்ளை ஷூவும் போட்ட ஒரு பெண் நடந்து வந்து அதே கட்டையில் உட்கார்ந்தாள். என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏகட்யாச் ஆலாத்?" என்றாள். தனியாகவா வந்தீர்கள் என்று.

"ஹோ, ஏக்டீச்" என்றேன். ஆமாம், தனியாகத்தான். இந்தப் பதிலை இதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் கூடவே ஒரு காரணமும் சொல்வேன், மகன் வெளிநாட்டில், அவர் இறந்துவிட்டார் என்று. நேற்று காரணம் எதுவும் சொல்லவில்லை.

அவள் தலையை ஆட்டினாள். "மீபண்" என்றாள். நானும்தான்.

அவள் இடுப்புப் பையிலிருந்து சிக்கி என்கிற கடலைமிட்டாயை எடுத்து உடைத்துப் பாதியைக் கொடுத்தாள். எழுந்து போகும்போது, அடுத்த ஞாயிறு வருவீர்களா என்று கேட்டாள். வருவேன் என்று சொல்லிவிட்டேன். பெயரைக் கேட்கவில்லை, நம்பர் வாங்கவில்லை. அவள் வராமலும் போகலாம். வீட்டில் விருந்தாள் வரலாம், முழங்கால் வலிக்கலாம், மறந்தும் போகலாம். இருந்தாலும் இந்த வாரம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அவள் இருந்தால் பக்கத்தில் உட்காருவேன். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வருவேன்.

அம்மா